கட்சி வேறன்னா கல்யாண போட்டோவுல கூட நிக்க பயப்படுறாங்க, இது எப்பலேர்ந்து இப்படி ஆச்சு?

பாமணியாறு (மன்னார்குடி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கெடக்குற கேள்வி இது, இந்த வைகாசியில எங்க அக்கா கல்யாணத்துல நடந்ததுக்கு அப்புறம் கேக்காம இருக்க முடியல. கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

எங்க அப்பா ஒரு கட்சி. எதுத்த வீட்டு பெரியப்பா, ரத்த சொந்தம் கெடையாது ஆனா எனக்கு விவரம் தெரிஞ்சதுலேர்ந்து பெரியப்பான்னுதான் கூப்புடுறேன், அவரு நேர் எதிர் கட்சி. ரெண்டு பேருமே அவங்கவங்க கட்சியில கிளைச் செயலாளரா இருந்தவங்க. நான் ஸ்கூல் படிக்கிறப்ப எலக்‌ஷன் வந்தா ஆளுக்கொரு பக்கம் செவுத்துக்கு சுண்ணாம்படிச்சு சின்னம் வரைவாங்க, மைக் செட் கட்டி ஒருத்தர ஒருத்தர் கிழிப்பாங்க, மறுநாள் காலையில பாத்தா ஒரே டீக்கடை பெஞ்சுல உக்காந்து இவரு பேப்பர அவரு வாங்கிப் படிச்சிட்டு "என்னய்யா உங்காளு இப்படி பேசியிருக்காரு"ன்னு சத்தம் போட்டுட்டு ஒரே டிவிஎஸ் 50ல வயலுக்குப் போவாங்க. எங்க வயலும் அவர் வயலும் ஒரே வாய்க்கால்ல பாயுது. எங்களுக்கு போர் கெடையாது, மேட்டூர் தண்ணி நம்ம பக்கம் வந்து சேர்றதுக்குள்ள குறுவைக்கு நாத்து விடணும்னா அவர் போர்லேர்ந்துதான் பாயும், காசுன்னு ஒரு ரூபா வாங்குனதில்ல.

அக்கா கல்யாணத்துக்கு அவரு விடியக்காலம் நாலரை மணிக்கு வந்தாரு. வாசல்ல வாழமரம் கட்டிக்கிட்டு இருக்கோம், சீரியல் லைட்டு கூட சரியா எரியல, மாப்ள வீட்டுக்காரங்க எந்திரிக்கவே இல்ல. அப்பாவ மண்டபத்துக்குப் பின்னாடி சமையல்கட்டு ஓரமா கூட்டிட்டுப் போய் கையில கவர் குடுத்தாரு, "மொய் நோட்டுல எழுத வேணாம்"னு சொன்னாரு. அக்காவ பாத்து தலையில கைய வச்சாரு. ஒரு காபி குடிங்கன்னு அம்மா டம்ளரோட நிக்கிறாங்க, வேணாம்மான்னு சொல்லிட்டு வெளிச்சம் வர்றதுக்குள்ள கெளம்பிட்டாரு. காரணம் என்னன்னா முகூர்த்தத்துக்கு அப்பா கட்சி ஒன்றியச் செயலாளர் வர்றாரு, கூட வர்ற பசங்க நூறு போட்டோ எடுத்து பேஸ்புக்ல போடுவானுங்க. போன வருஷம் ஒரு காதுகுத்துல பெரியப்பா கட்சி ஆளு ஒருத்தரு எதிர்க்கட்சி ஆளுங்களோட பந்தியில உக்காந்து சாப்புட்ட போட்டோ மேல போய், அவருக்கு இருந்த சின்ன பொறுப்பும் போயிடுச்சு.

என் கேள்வி இதுதான். கட்சிக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் இவ்ளோ விரோதமா ஆனது எப்ப? முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சா, எனக்குத்தான் சின்ன வயசுல தெரியலயா?


கடைமடை வாத்தியார் (வேதாரண்யம்)

தம்பி, படிச்சு முடிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். எனக்கு எழுபது ஆகப்போவுது, பள்ளிக்கூடத்துல இருந்து ஓய்வு பெத்தவன், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

முன்னாடி எல்லாம் ஒத்துமையா இருந்தோம்னு மட்டும் நெனச்சிடாத. நம்ம கீழத்தஞ்சையில கொடி புடிச்சதுக்கு உசுரு போயிருக்கு. பண்ணையாள் வேலைக்கு ஒரு நாள் வரலன்னா சவுக்கடி, வாயில சாணிப்பால், இதையெல்லாம் எதுத்துத்தான் சீனிவாசராவ் மாதிரி ஆளுங்க செங்கொடி சங்கம் கட்டுனாங்க. அவரு கர்நாடகத்துக்காரரு, நம்ம மண்ணுல வந்து ஒழைச்சு நம்ம மண்ணுலயே செத்தாரு, திருத்துறைப்பூண்டியில நினைவிடம் இருக்கு, பக்கத்துலதான் இருக்கே ஒரு தடவ போய்ப் பாரு. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில ஒரு குடிசைக்குள்ள வச்சு 44 பேர கொளுத்துனாங்க, பாதிக்கு மேல பொம்பளைங்களும் புள்ளைங்களும். அப்ப எனக்கு நெனவு தெரிஞ்ச வயசு, எங்க வீட்டுல அன்னிக்கு பெரியவங்க யாரும் சோறு திங்கல.

ஆனா அந்த விரோதத்துக்கு ஒரு காரணம் இருந்துச்சு பாரு. கூலி எவ்ளோ, நெலம் யாருக்கு, குத்தகைக்காரன வெளியேத்தலாமா கூடாதா, இதுதான் சண்டை. கட்சிய வச்சு பாத்தா ஒருத்தன் எந்தப் பக்கம் நிக்கிறான்னு மட்டுமில்ல, எதுக்காக நிக்கிறான்னும் தெரியும். அதுலயும் ஒரு விஷயம் கவனி, 52ல கம்யூனிஸ்டுங்கதான் என் முதல் எதிரின்னு வெளிப்படையாவே சொன்ன ராஜாஜிதான் அதே வருஷம் தஞ்சாவூர் சாகுபடிதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்த கொண்டு வந்தாரு. எதிரி கேட்டான்னு கோரிக்கைய தூக்கிப் போடல, ஊர் கொந்தளிக்குதுன்னு தெரிஞ்சு சட்டம் போட்டாரு.

இப்ப எடுத்துக்க. 56ல காமராஜர் மதிய உணவு குடுத்தாரு, 82ல எம்ஜிஆர் சத்துணவுன்னு விரிச்சாரு, 89ல கலைஞர் முட்டை சேத்தாரு, 2022ல ஸ்டாலின் காலைச் சிற்றுண்டி கொண்டாந்தாரு. ஒருத்தர் வச்ச செவுத்து மேலதான் அடுத்தவர் செங்கல் வைக்கிறாரு. கூட்டுறவு கடன் தள்ளுபடியா, 2006ல ஒரு கட்சி பண்ணுச்சு, 2021 பிப்ரவரியில இன்னொரு கட்சி 12,110 கோடின்னு அறிவிச்சுது. காவிரியில ரெண்டும் ஒரே நிலை. சொல்லப்போனா கொள்கையில நம்ம ஊரு ரெண்டு பெரிய கட்சிக்கும் வித்தியாசம் கொறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு, விரோதம் மட்டும் ஏறிக்கிட்டே போயிருக்கு.

என் கணக்குல இது 1972 அக்டோபர்ல ஆரம்பிச்சுது. கணக்கு கேட்டாருன்னு எம்ஜிஆர நீக்குனாங்க, அவரு தனிக்கட்சி கண்டாரு. அதுக்கப்புறம் எங்க ஊர்ல மாமன் மச்சானெல்லாம் ஒரே ராத்திரியில ரெண்டா பிரிஞ்சாங்க, ஒரே கொடிக்கம்பத்துக்கு ரெண்டு பேரும் பாத்தியதை கொண்டாடுனாங்க. அடுத்த வீட்டுக்காரன் சண்டைய விட பங்காளிச் சண்டை பொல்லாதுன்னு சும்மாவா சொன்னாங்க, பங்காளிக்குள்ள பிரிக்கிறதுக்கு கொள்கை ஒன்னுமில்ல, யாரு வாரிசுங்கறதுதான் வழக்கே. ஆனா அப்பவும் ஒரு வரம்பு இருந்துச்சு தம்பி. 75 அக்டோபர் 2 காமராஜர் செத்தப்ப கலைஞர் முதலமைச்சர், வாழ்நாள் பூரா எதுத்த மனுசனுக்கு அரசு மரியாதை செஞ்சு கிண்டியில எடம் ஒதுக்குனாரு. மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டுன்னு அண்ணா சொல்லிட்டுப் போனத அவங்க தலைமுறை கேட்டு வளந்துச்சு. 2018 ஆகஸ்ட்ல அதே கலைஞர, நம்ம திருக்குவளைக்காரர, மெரினாவுல பொதைக்கிறதுக்கு விடிய விடிய கோர்ட்டுல நிக்க வேண்டி வந்துச்சே, அந்த ராத்திரி டிவி முன்னாடி நான் அழுதேன். நான் அவரு கட்சி இல்ல, எப்பவும் இருந்ததும் இல்ல.


நடவுக்காரி மகள் (நீடாமங்கலம்)

வாத்தியார் ஐயா சொன்னதுல பாதி எனக்கு உடன்பாடு. ஆனா தலைவருங்க சண்டை போட்டதால கீழ உள்ளவங்க சண்டை போடுறாங்கன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். கீழ உள்ளவங்களுக்கு பொழப்பே அதுலதான் மாட்டியிருக்கு.

எங்க அம்மா மக்கள் நலப் பணியாளரா இருந்தாங்க. தெரியாதவங்களுக்கு சொல்றேன், 89ல வந்த ஆட்சியில ஊராட்சிக்கு ஊராட்சி படிச்ச ஆளுங்கள எடுத்து போட்ட வேலை அது, சம்பளம் கொஞ்சந்தான். 91ல ஆட்சி மாறுச்சு, வேலை போச்சு. 96ல மாறுனப்புறம் திரும்ப எடுத்தாங்க. 2001ல மறுபடி போச்சு. 2006க்கு அப்புறம் வந்துச்சு. 2011 நவம்பர்ல 13,000க்கு மேல ஆளுங்கள ஒரே உத்தரவுல நிறுத்துனாங்க. அம்மா எந்தக் கட்சிக்கும் உறுப்பினர் கெடையாது, நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கிட்டே பத்தாவது முடிச்ச பொம்பளை, அவ்ளோதான். ஆனா மூணாவது தடவ வேலை போனப்புறம் அம்மாவுக்கு ஒரு கட்சி ஜெயிக்கலன்னா உசுரே போயிடும்ங்கற மாதிரி ஆயிடுச்சு, ஓட்டு எண்ணுற அன்னிக்கு விரதம் இருப்பாங்க. எதிர் கட்சிக்கு ஓட்டு போட்ட எங்க சித்திகிட்ட அஞ்சு வருஷம் பேசல. இதுல எங்க வந்துச்சு கொள்கை?

இன்னொன்னும் சொல்றேன். சம்பா அறுத்து கொள்முதல் நிலையத்துல நெல்ல கொட்டிட்டு காவலுக்கு உக்காந்தவங்களுக்குத் தெரியும். ஒரு வருஷம் தை மாசம், நாங்க 90 மூட்டை கொட்டியிருந்தோம், ராத்திரி பனி, தார்ப்பாய் போட்டு மூடுறது காலையில பிரிச்சு காயவைக்கிறது, இப்படியே எட்டு நாள். ஈரப்பதம் 17 இருக்கணும், எங்க நெல்லு காலையில வச்சா 19 காட்டும் மத்தியானம் வச்சா 17க்கு வந்துடும், எங்களுக்கு மட்டும் எப்பவும் காலையிலதான் மெஷின் வைப்பாங்க. எங்களுக்குப் பின்னாடி வந்த நெல்லெல்லாம் முன்னாடி தராசுக்குப் போச்சு. யாரோட நெல்லு போவுது யாரோட நெல்லு நிக்குதுன்னு களத்துல நிக்கிற சின்னப் புள்ளைக்குக் கூட தெரியும், ஏன்னா யாரு எந்தக் கட்சின்னு ஊருக்கே தெரியும். ஒன்பதாவது நாள் மழை புடிச்சிக்கிச்சு, அடி மூட்டையெல்லாம் முளை விட்டுடுச்சு. கைய விட்டுப் பாத்தா உள்ள சூடா இருந்துச்சு, வெள்ள வெள்ளயா முளை. அந்த முளைய கையில வச்சிருக்கறப்ப எதிர்க் கட்சிக்காரன் மேல எனக்கு வந்த கோவம் இருக்கே, அத எந்த தலைவரும் மேடையில பேசி உண்டாக்கல.

அதனால தம்பி உங்க பெரியப்பாவ குத்தம் சொல்லாதீங்க. சொசைட்டியில யாரு, நூறு நாள் வேலைக்கு அட்டெண்டன்ஸ் யாரு எடுக்குறது, தூர் வார்ற கான்ட்ராக்ட் யாருக்கு, எல்லாமே ஜெயிச்ச கட்சிக்குன்னு ஆனப்புறம் தோக்குறதுன்னா வெறும் தோக்குறது இல்ல, அஞ்சு வருஷம் பட்டினின்னு அர்த்தம். ஊராட்சி தலைவர் எலக்‌ஷனுக்கு சட்டப்படி கட்சி சின்னமே கெடையாது, அதுலயும் எந்த ஆளு எந்தக் கட்சின்னு ஓட்டு போடுறதுக்கு முன்னாடியே ஊருக்குத் தெரிஞ்சு போயிடுது.


அரசலாறு வக்கீல் (கும்பகோணம்)

அக்கா எழுதுனத படிச்சிட்டு இதுக்கு மேல என்ன எழுதுறதுன்னு இருந்துச்சு. ஆனா பாமணியாறு தம்பி பதிவுல ஒரு விஷயத்த எல்லாரும் தாண்டிப் போயிட்டோம்னு நெனக்கிறேன். பெரியப்பா யாருக்கு பயந்து நாலரை மணிக்கு வந்தாரு? உங்க அப்பா கட்சிக்காரங்களுக்கா? இல்லயே. சொந்தக் கட்சிக்குத்தான பயந்தாரு.

அதத்தான் நான் முக்கியமா பாக்குறேன். எதிராளி மேல உள்ள பகைய விட தன் கட்சி மேல உள்ள பயம் பெருசாயிடுச்சு, அது கீழ்மட்டத்துல மட்டும் இல்ல, எம்எல்ஏ எம்பி வரைக்கும் அப்படித்தான். 67ல அரியானாவுல கயா லால்னு ஒரு எம்எல்ஏ பதினஞ்சு நாளைக்குள்ள மூணு தடவ கட்சி மாறுனாரு, அதுலேர்ந்துதான் வடக்க ஆயா ராம் கயா ராம்னு, அதாவது ராம் வந்தான் ராம் போனான்னு, பேச்சு வந்துச்சு. நாடு பூரா கட்சித் தாவல் பெருகி கவர்மெண்ட் கவுந்து கவுந்து போச்சு. அதத் தடுக்க 85ல அரசியல் சட்டத்துல 52வது திருத்தம், பத்தாவது அட்டவணைன்னு கட்சித் தாவல் தடைச் சட்டம். நல்ல நோக்கந்தான், மறுக்கல. ஆனா அதுல என்ன எழுதியிருக்குன்னா கட்சி கொறடா, அதாவது சபையில எப்படி ஓட்டு போடணும்னு கட்சி சார்பா உத்தரவு போடுறவரு, சொல்றதுக்கு மாறா ஓட்டு போட்டாலும் போடாம இருந்தாலும் பதவி போகலாம். முதல்ல மூணுல ஒரு பங்கு பேரு பிரிஞ்சா தப்பிக்கலாம்னு ஒரு வழி இருந்துச்சு, 2003ல 91வது திருத்தம் அதையும் எடுத்துடுச்சு. இப்ப உங்க தொகுதி எம்எல்ஏ, மசோதா தப்பு நம்ம விவசாயிக்கு ஆவாதுன்னு மனசார நெனச்சாலும் கட்சி சொன்னா கை தூக்கித்தான் ஆவணும். நம்பிக்கை ஓட்டுக்கு மட்டும் கொறடா இருந்தா போதும், மத்த மசோதாவுக்கெல்லாம் மனசாட்சிப்படி ஓட்டு போட விடலாம்னு எத்தனையோ பேர் சொல்லியாச்சு, எந்தக் கட்சியும் அத தொடறதா இல்ல.

2017ல 18 எம்எல்ஏக்கள தகுதி நீக்கம் செஞ்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், தஞ்சாவூர் தொகுதியும் அதுல ஒன்னு. அவங்க சபையில மாத்தி ஓட்டு கூட போடல, முதலமைச்சர் மேல நம்பிக்கை இல்லன்னு கவர்னர்கிட்ட கடுதாசி குடுத்தாங்க, அதையே கட்சிய விட்டுப் போனதா எடுத்துக்கிட்டாங்க. 2018 அக்டோபர்ல ஹைகோர்ட்டும் நீக்கம் செல்லும்னு சொல்லிடுச்சு. தஞ்சாவூர்க்காரன் 2019 ஏப்ரல் இடைத்தேர்தல் வரைக்கும் எம்எல்ஏ இல்லாம இருந்தான், நடுவுல கஜா புயல் வேற அடிச்சுட்டுப் போச்சு.

அதே 2017 பிப்ரவரியில நடந்ததையும் நெனச்சுப் பாருங்க. சட்டசபையில ஸ்டாலினைப் பாத்து ஓபிஎஸ் சிரிச்சாருன்னு அவங்க கட்சிக்குள்ளயே அத ஒரு குத்தச்சாட்டா சசிகலா சொன்னாங்க. மனுசனுக்கும் மிருகத்துக்கும் சிரிப்புதான் வித்தியாசம்னு ஓபிஎஸ் பதில் சொன்னாரு. எதிர்க்கட்சித் தலைவரப் பாத்து சிரிச்சது துரோகம்னு ஆன பின்னாடி உங்க பெரியப்பா பந்தியில எப்படி உக்காருவாரு சொல்லுங்க.


கடைமடை வாத்தியார்

வக்கீல் சொன்னது சரிதான், நான் யோசிக்கல. நீடாமங்கலம் மகளே, நீ எழுதுன முளை விட்ட நெல்ல நானும் கையில வச்சு பாத்திருக்கேன்மா. நான் எழுதுனதுல தலைவருங்கள மட்டும்தான் பாத்திருக்கேன்னு இப்ப தெரியுது.


ஒரத்தநாட்டான் (இப்ப அமெரிக்காவுல, வட கரோலினா)

அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் வணக்கம். நான் இங்க வந்து 17 வருஷம் ஆச்சு. வக்கீல் அண்ணன் சொந்தக் கட்சி பயம்னு சொன்னாரு பாருங்க, அது இங்க அப்படியே பொருந்துது, ஆனா இவங்க வந்து சேந்த பாதை வேற, அதனாலதான் எழுதுறேன்.

இங்க ரெண்டு கட்சி, டெமாக்ரட், ரிபப்ளிகன். முன்னாடி இந்த ரெண்டும் எவ்ளோ கலந்து கெடந்துச்சுன்னா, 1950ல இங்க உள்ள அரசியல் பேராசிரியருங்க சங்கமே ஒரு அறிக்கை விட்டுச்சு, ரெண்டு கட்சிக்கும் வித்தியாசமே தெரியல, ஓட்டு போடுறவன் எத வச்சு தேர்ந்தெடுப்பான், கட்சின்னா ஒரு கட்டுப்பாடும் கொள்கையும் வேணும்னு. அவங்க கேட்டது கெடச்சிடுச்சு, கெடச்ச விதந்தான் இப்ப எல்லாரையும் வருத்துது.

தெக்கு மாகாணத்து டெமாக்ரட்டுங்க வெள்ளைக்கார ஆதிக்கத்த விட மாட்டோம்னு நின்னவங்க, வடக்கு டெமாக்ரட்டுங்க கறுப்பு மக்கள் உரிமைக்கு ஆதரவு, ரெண்டும் ஒரே கட்சி. ரிபப்ளிகன்லயும் தாராளமா யோசிக்கிறவங்க நெறைய. 64ல சிவில் உரிமைச் சட்டம் செனட்டுல வந்தப்ப ரிபப்ளிகன்ல 27 பேர் ஆதரவு 6 பேர் எதிர்ப்பு, டெமாக்ரட்ல 46 ஆதரவு 21 எதிர்ப்பு. கட்சிய வச்சு ஆள கணிக்கவே முடியாது. அந்தச் சட்டத்துக்கு அப்புறம் தெக்கத்தி வெள்ளைக்காரங்க கொஞ்சம் கொஞ்சமா டெமாக்ரட்ட விட்டு ரிபப்ளிகனுக்குப் போனாங்க, முப்பது வருஷத்துல ஜல்லடையில சலிச்ச மாதிரி ஒரே மாதிரி யோசிக்கிறவங்க எல்லாம் ஒரே பக்கம் சேந்துட்டாங்க. இனம், மதம், கிராமமா நகரமா, எல்லாம் கட்சியோட ஒட்டிக்கிச்சு. 35ல வந்த முதியோர் ஓய்வூதியச் சட்டத்துக்கும் 65ல வந்த முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ரெண்டு கட்சியிலேர்ந்தும் ஓட்டு விழுந்துச்சு, 2010ல ஒபாமா காப்பீட்டுச் சட்டத்துக்கு ரிபப்ளிகன்ல ஒருத்தர் கூட போடல. அங்க கொள்கை ஒன்னாகி விரோதம் கூடுச்சுன்னு வாத்தியார் ஐயா சொல்றாரு, இங்க கொள்கை ரெண்டா பிரிஞ்சு விரோதம் கூடுச்சு.

இப்ப பயத்துக்கு வர்றேன். இங்க கட்சித் தாவல் சட்டம் கெடையாது, எதுத்து ஓட்டு போட்டா பதவி போவாது. ஆனா கட்சி வேட்பாளர் யாருன்னு மேலிடம் முடிவு பண்றதில்ல, அந்தக் கட்சி ஓட்டருங்களே முதல்ல ஒரு தேர்தல் வச்சு எடுப்பாங்க. அதுக்கு வந்து ஓட்டு போடுறவங்க கொஞ்சப் பேர்தான், அதுலயும் ரொம்ப தீவிரமா இருக்குறவங்கதான் தவறாம வருவாங்க. தொகுதி எல்லையவே ஒரு கட்சிக்கு தோதா கீறி வச்சிருக்குற எடத்துல அந்த முதல் தேர்தல்ல ஜெயிச்சா எம்பி ஆன மாதிரிதான், அதனால எம்பி யாருக்கு பயப்படுவாருன்னா எதிர்க்கட்சிக்கு இல்ல, தன் கட்சியில தன்னை விட தீவிரமா பேசுற ஒருத்தனுக்குத்தான். 2014ல எரிக் கேன்டர்னு பிரதிநிதிகள் சபையில ரிபப்ளிகன் கட்சியோட பெரும்பான்மைத் தலைவரே அப்படி சொந்தக் கட்சி ஆளுகிட்ட தோத்துப் போனாரு. 2021ல டிரம்ப பதவி நீக்க தீர்மானத்துக்கு ஆதரவா ஓட்டு போட்ட ரிபப்ளிகன் எம்பிங்க 10 பேர், அடுத்த தேர்தல்ல 4 பேர் நிக்கவே இல்ல, 4 பேர் கட்சிக்குள்ள நடந்த தேர்தல்லயே தோத்தாங்க, 2 பேர்தான் திரும்ப உள்ள வந்தாங்க. இதப் பாத்த மத்தவங்க அடுத்த தடவ எப்படி ஓட்டு போடுவாங்க?

எங்க வீதியில ஒரு வெள்ளைக்காரம்மா இருக்காங்க, எண்பது வயசு, எலக்‌ஷன் நேரத்துல வீட்டு முன்னாடி புல்லுல கட்சி போர்டு ஒன்னு நட்டு வப்பாங்க எல்லாரும், இந்தம்மா நடுறத நிறுத்திட்டாங்க. ஏன்னு கேட்டேன், சொந்த மகன் சண்டை போட்டுட்டு நன்றித் திருநாள் சாப்பாட்டுக்கு வரலன்னு சொல்லிட்டு வாசல் படியிலயே உக்காந்துட்டாங்க. உங்க கல்யாண விஷயத்த படிச்சப்ப அந்தம்மா முகந்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு தம்பி.


திருவாரூர் தேரடி

நான் சின்னப் பையன், 24 வயசு, பெரியவங்க நடுவுல பேசுறேன்னு கோவிச்சுக்காதீங்க. ஒரு கட்சிக்கு ரெண்டு எலக்‌ஷன்ல வாட்ஸ்அப் குரூப் பாத்துக்கிட்டவன், இப்ப விட்டுட்டேன்.

பாமணியாறு அண்ணன் சொன்ன டீக்கடை பெஞ்சு மேட்டர் பெரிய மேட்டர். அந்த பெஞ்சுல எல்லா பேப்பரும் கெடக்கும், அப்புறம் 93ல சன் டிவி, 99ல ஜெயா டிவி, 2007ல கலைஞர் டிவின்னு கட்சிக்கொரு டிவி ஆச்சு, வீட்டுக்கு வீடு ஒரே நியூஸ் வேற வேற நியூஸா ஓடுச்சு, ஆனாலும் ரிமோட்ட மாத்துனா அடுத்தவன் சொல்றதும் காதுல விழும். இப்ப போன்ல அதுவும் விழாது. குரூப்ல நான் என்ன பாத்தேன்னா, நம்ம ஆட்சியில இத செஞ்சோம்னு போட்டா பத்து பேர் கூட பார்வேர்டு பண்ண மாட்டாங்க, எதிர்க்கட்சித் தலைவர அசிங்கமா ஒன்னு போட்டா பத்து நிமிஷத்துல ஜில்லா பூரா போயிடும். மேலேர்ந்தும் யாரு எவ்ளோ பார்வேர்டு பண்றான்னு கணக்கு பாப்பாங்க. ஒரு தடவ எதிர்க்கட்சி எம்எல்ஏ ஒருத்தர் வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு சோறு குடுத்த வீடியோவ நல்ல விஷயந்தானன்னு குரூப்ல போட்டேன். அரை மணி நேரத்துல அட்மின்லேர்ந்து தூக்கிட்டாங்க, என் கூடவே சுத்துன பையன்தான் தூக்குனான். அவன்கிட்ட இன்னும் நான் பேசல, பேசணும்.


பாமணியாறு

பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வக்கீல் சார் யாருக்கு பயந்து வந்தாருன்னு கேட்ட அந்த ஒரு வரி ரெண்டு நாளா தூங்க விடல. அதுவரைக்கும் நான் பெரியப்பா மேலதான் கோவமா இருந்தேன், அம்மா குடுத்த காபிய கூட குடிக்கலயேன்னு.

நேத்து சாயங்காலம் தாம்பூலப் பையும் கொஞ்சம் பலகாரமும் எடுத்துட்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசப்பக்கம் போவாம கொல்லப்பக்கமா போனேன், அவருக்கு சங்கடம் வேணாம்னு. மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டுக்கிட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும் "வாசல் வழியா வரமாட்டியா நீ"ன்னு கேட்டாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. பெரியம்மா பைய வாங்கி தேங்காய எடுத்து சாமி மாடத்துல வச்சாங்க.

கொஞ்ச நேரம் மாட்டப் பத்தி பேசுனோம். அக்கா எப்படி இருக்கு, மாப்ளைக்கு திருச்சியில என்ன வேலைன்னு கேட்டாரு. கல்யாண ஆல்பம் வந்துடுச்சான்னு கேட்டாரு, வந்ததும் எடுத்துட்டு வான்னாரு. அப்புறம் கைய தொடச்சிக்கிட்டே "உங்கப்பன் நாத்து விட்டுட்டானா"ன்னாரு. இன்னும் இல்ல பெரியப்பா, தண்ணி வரட்டும்னு இருக்காருன்னேன். "12ஆம் தேதி மேட்டூர தொறந்தாலும் நம்ம வாய்க்காலுக்கு எப்ப வந்து சேர்றது, அதுக்கப்புறம் நாத்து விட்டா குறுவை பின்தங்கிப் போவும். த்ரீ பேஸ் கரண்டு இந்த வாரம் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வருது, நானே மோட்டார போட்டு விடுறேன், மடைய மட்டும் வந்து திருப்பிக்கச் சொல்லு"ன்னாரு.

வந்து அப்பாகிட்ட சொன்னேன். அப்பா ஒன்னும் பேசல. ராத்திரி பத்தரைக்கு மம்பட்டிய எடுத்துக்கிட்டு டார்ச்சு கூட எடுக்காம கெளம்பிட்டாரு, நானும் பின்னாடியே போனேன். மோட்டார் கொட்டாயி பக்கத்துல ரெண்டு பேரும் ஒரு மணி வரைக்கும் உக்காந்து பேசிக்கிட்டு இருந்தாங்க, நான் மடைகிட்ட நின்னதால என்ன பேசுனாங்கன்னு கேக்கல, தண்ணி சத்தம்.

நடவுக்காரி மகள் அக்காவுக்கு ஒரு கேள்வி. போன சம்பாவுல எங்களுக்கும் கொள்முதல்ல டோக்கன் தள்ளித் தள்ளிப் போட்டாங்க, இந்தக் குறுவைக்கு முன்கூட்டியே விஏஓகிட்ட அடங்கல் (சாகுபடிச் சான்று) வாங்கி பதிவு பண்ணி வச்சா அந்தப் பிரச்சனை வராம இருக்குமா? நீங்க அப்புறம் எப்படி வித்தீங்கன்னு சொன்னா அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சேத்தே சொல்லிடுவேன்.